பதவியில் இருக்கும் தலைவர் மேல் போர்க்குற்ற வழக்கு: வாரண்ட் போட்டு என்ன ஆகப்போகிறது?

2 ஆகஸ்ட் 2025, கேள்வி

ஜூலை 25 அன்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சிரியாவின் முன்னாள் அதிபர் பஷார் அல்-அசாத் மேல் இருந்த பிடிவாரண்டை ரத்து செய்துவிட்டது. 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூட்டா (Ghouta) பகுதியில் விஷவாயு அடித்த வழக்கு. வாரண்ட் போட்ட நேரத்தில் அவர் பதவியில் இருந்தாராம், அதனால் செல்லாதாம். பதவியில் இருந்தால் தொடக்கூடாது, பதவி போனால் ஆள் ரஷ்யாவில். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து? தலைவர்களை விசாரிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அந்தச் சக்தியைச் சமாதானப் பேச்சில் செலவழிக்கலாமே?

2 ஆகஸ்ட், இரவு

தலைப்புச் செய்தியோடு நிறுத்தினால் அப்படித்தான் தெரியும். அதே தீர்ப்பில் அடுத்த பகுதி இருக்கிறது: அசாத் இப்போது அதிபர் இல்லை, ஆகவே புதிதாக வாரண்ட் போடத் தடையில்லை. அதே நாளில் அதே நீதிமன்றம் சிரிய மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் வழக்கில் சொன்னது இதைவிடப் பெரிது: இப்படிப்பட்ட குற்றங்களுக்கு, "அரசு அதிகாரியாகச் செய்தேன்" என்ற கவசம் நிற்காது.

விலக்குரிமை இரண்டு வகை. ஒன்று நாற்காலிக்கு உரியது. அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் பதவியில் இருக்கும் வரை வேறொரு நாட்டின் நீதிமன்றம் அவரைத் தொட முடியாது. என்ன குற்றம் என்றே பார்ப்பதில்லை. பதவி போனால் இதுவும் போய்விடும். மற்றது செயலுக்கு உரியது: அரசுப் பணியாகச் செய்ததற்கு ஆளைப் பிடிக்காதே என்பது. இது பதவிக்குப் பிறகும் கூடவே வரும். போர்க்குற்றத்துக்கு இது பொருந்துமா என்பதுதான் பல வருடச் சண்டை. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டனில் கைதானபோது உடையத் தொடங்கியது இந்த இரண்டாவது வகைதான். (ஆள் கடைசியில் உடல்நிலையைக் காரணம் காட்டி 2000 மார்ச்சில் ஊர் போய்ச் சேர்ந்தார், அது வேறு கதை.)

3 ஆகஸ்ட்

நேற்று எழுதியதற்கு அடிப்படை, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்க்கும் சர்வதேச நீதிமன்றத்தின் 2002 பிப்ரவரி 14 தீர்ப்பு. காங்கோவின் வெளியுறவு அமைச்சர் மேல் பெல்ஜியம் வாரண்ட் போட்டது. அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஆனால் தப்பிக்க முடியாத நான்கு வழிகளையும் அதே தீர்ப்பு சொன்னது. சொந்த நாட்டு நீதிமன்றம். சொந்த நாடே விலக்கைக் கைவிடுவது. பதவி முடிந்த பிறகு, சில செயல்களுக்கு. அதிகாரம் பெற்ற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம்.

நான்காவதற்கு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 27-ஆம் பிரிவே சாட்சி. அரசுத் தலைவர், அரசாங்கத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், யாருக்கும் பதவி கவசமில்லை. ஹேக் நகரில் உள்ள அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தின் (இனி சுருக்கமாக ஹேக்) முன் இந்தக் கேள்வி முடிந்த கேள்வி.

3 ஆகஸ்ட், மாலை

"முடிந்த கேள்வி" என்றது அவசரம். அதே சாசனத்தின் 98-ஆம் பிரிவை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், சரிதான். 27-ஆம் பிரிவு, நீதிமன்றத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையில். ஆனால் ஹேக்கில் போலீஸ் கிடையாது; கையில் விலங்கு மாட்ட வேண்டியது ஏதோ ஒரு நாட்டின் போலீஸ். அந்த நாடு, சாசனத்தில் சேராத இன்னொரு நாட்டின் அதிபரைப் பிடிக்கலாமா? 98 "வேண்டாம்" என்பதுபோலப் படிக்கலாம். ஹேக் வாரண்ட் இருந்த சூடான் அதிபர் அல்-பஷீர் இந்தப் பிளவுக்குள்தான் பத்து வருடம் பறந்துகொண்டிருந்தார்.

2015 ஜூன், தென்னாப்பிரிக்கா. ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்கு வந்தார். அவர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை இடைக்கால உத்தரவு போட்டது. திங்கள்கிழமை விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பிவிட்டது. கைது செய்யுங்கள் என்று நீதிபதிகள் சொன்ன பிறகுதான் அரசுத் தரப்பு, ஆள் போய்விட்டார் என்றது. அடுத்த வருடம் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு மன்றம் அரசு செய்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. விமானம் திரும்பி வருமா என்ன?

அல்-பஷீரைப் பிடிக்காமல் விட்ட ஜோர்டான் விவகாரத்தில், 2019 மே 6-இல் ஹேக் மேல்முறையீட்டு அமர்வு ஒரு முடிவு சொன்னது: எந்தவொரு சர்வதேச நீதிமன்றத்தின் முன்னும் அரசுத் தலைவர் விலக்கு என்பது வழக்காற்றுச் சட்டத்திலேயே (நாடுகளின் நடைமுறையில் உருவான சட்டம்) இல்லை, ஆகவே பிடித்துக் கொடுக்கும் நாட்டின் முன்னும் அது இல்லை. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இதுதான் சட்டம். சட்டப் பேராசிரியர்கள் பலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

4 ஆகஸ்ட்

"பிடித்துக் கொடுக்காத நாட்டுக்கு என்ன தண்டனை?"

உறுப்பு நாடுகளின் பேரவைக்குப் புகார் போகும். அவ்வளவுதான். 2024 செப்டம்பரில், ஹேக் வாரண்ட் தலைமேல் இருந்தும், புதின் மங்கோலியா போனார். அக்டோபர் 24-இல் மங்கோலியா கடமை தவறியது என்று முடிவு. 2025 ஏப்ரலில், அதேபோல் வாரண்ட் உள்ள நெதன்யாகு ஹங்கேரி போனார். ஹங்கேரி நீதிமன்றத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விலகலுக்கு நோட்டீஸ் கொடுத்து ஒரு வருடம் ஆகவேண்டும், அதுவரை கடமை உண்டு. அதனால் 2025 ஜூலையில் ஹங்கேரிக்கும் அதே குட்டு விழுந்தது.

6 ஆகஸ்ட்

இந்தக் கேள்வி-பதில் இழை முழுக்க ஆளைப் பிடிப்பதைப் பற்றியே போகிறது. ஆள் கைக்கு வந்த பிறகும் வழக்கு தோற்கிறது, அதைப் பேசுவோம்.

போர்க்குற்ற வழக்கில் சான்று இரண்டு அடுக்கு. அடித்தளத்தில், குற்றம் நடந்தது என்பதற்கான சான்று: சடலப் பரிசோதனை, எறிகுண்டுப் பள்ளத்தின் அளவு, செயற்கைக்கோள் படம், உயிர் தப்பியவர் சாட்சியம். இது பெரும்பாலும் மலைபோல் குவிந்திருக்கும். மேலடுக்கு, அந்தக் குழியிலிருந்து தலைவரின் மேசைவரை போகும் இணைப்பு. வழக்கு சாகும் இடம் இது. "இவ்வளவு கொடுமை நடந்திருக்கிறதே, அவருக்குத் தெரியாமலா?" என்பது தெருவில் வாதம், நீதிமன்றத்தில் அல்ல.

இணைப்பை மூன்று வழியில் கட்டுவார்கள். உத்தரவிட்டார் அல்லது கூட்டாகத் திட்டமிட்டார். தெரிந்தே உதவினார். அல்லது கட்டளைப் பொறுப்பு, அதாவது 28-ஆம் பிரிவு: படை அவர் கட்டுப்பாட்டில் இருந்தது, தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும், தடுக்கவோ தண்டிக்கவோ இல்லை. ராணுவத் தளபதி அல்லாத சிவில் தலைவருக்கு அளவுகோல் இன்னும் கடினம்: தெரிந்திருந்தது, அல்லது குற்றத்தைத் தெளிவாகக் காட்டிய தகவலை வேண்டுமென்றே புறக்கணித்தார் என்று நிறுவ வேண்டும். கோப்பில் வந்தது, படித்தார், மூடி வைத்தார் என்பதுவரை.

பெம்பா, காங்கோவின் முன்னாள் துணை அதிபர். 2008-இல் கைது. 2016-இல் 18 வருடத் தண்டனை. 2018 ஜூன் 8-இல் மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்று விடுதலை. அவருடைய படை பக்கத்து நாடான மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொலையும் வல்லுறவும் செய்ததில் யாருக்கும் சந்தேகமில்லை. தொலைவில் இருந்த தளபதி "தேவையான, நியாயமான எல்லா நடவடிக்கைகளும்" எடுத்தாரா என்பதில் விழுந்தது. பத்து வருடம் உள்ளே வைத்து வெளியே விட்டார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரே. அவருடைய அரசியல் போலீசின் கைவிடப்பட்ட அலுவலகத்தில், 2001-இல், ஆயிரக்கணக்கான தாள்கள் தரையில் கொட்டிக் கிடந்தன. அதிலிருந்து 12,321 பேர் பாதிக்கப்பட்டதும், அவர்களில் 1,208 பேர் கொல்லப்பட்டோ காவலிலோ இறந்ததும் கணக்கெடுக்கப்பட்டது. ஆனால் ஆளைக் கட்டிப்போட்டது இந்தப் பெரிய எண்கள் மட்டும் அல்ல. போர்க்கைதிகள் சிலரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. அதன்மேல் கையால் ஒரு குறிப்பு: இனி எந்தப் போர்க்கைதியும் சிறையைவிட்டு வெளியே போகக்கூடாது, இறந்தால் தவிர. கையெழுத்து ஹப்ரேயுடையது என்று நிபுணர் உறுதி செய்தார். 2016 மே 30, செனகலின் டாக்காரில் ஆயுள் தண்டனை. ஒரு தாளின் ஓரத்தில் ஒரு வரி.

6 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

மேலே "மூன்று வழி" என்றது சுருக்கம். பாடப்புத்தகக்காரர்கள் அடிக்க வரவேண்டாம், 25-ஆம் பிரிவில் இன்னும் உட்பிரிவுகள் உண்டு.

7 ஆகஸ்ட்

இடையில் ஒருவர், சார்ல்ஸ் டெய்லர் தண்டிக்கப்பட்டது "உத்தரவிட்டதற்காக" என்று எழுதியிருக்கிறார். இல்லை. உத்தரவும் நிரூபணமாகவில்லை, கட்டளைப் பொறுப்பும் நிரூபணமாகவில்லை. லைபீரிய அதிபராக இருந்துகொண்டு சியரா லியோன் கிளர்ச்சிப்படைக்கு ஆயுதம், தோட்டா, தொடர்பு வசதி கொடுத்து உதவியது. ஃப்ரீடவுன் தாக்குதல் உள்ளிட்டவற்றைத் திட்டமிட்டது. 11 குற்றச்சாட்டுகள், 50 வருடம். இரு தரப்பிலும் 115 சாட்சிகள். பத்திரிகைகள் போட்டதெல்லாம் மாடல் அழகி வந்து வைரக்கல் பற்றிச் சொன்ன நாள்தான். வழக்குக்கு எலும்பாக இருந்தவர்கள் உள்ளிருந்து வந்தவர்கள், முக்கியமாகக் கிளர்ச்சிப்படையின் ரேடியோ இயக்கியவர்கள். யார் யாரை எந்தக் குறியீட்டுப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேறு யாரால் முடியும்? தலைவரின் உதவியாளர், ஓட்டுநர், ரேடியோக்காரர் இல்லாத வழக்கு பெரும்பாலும் ஊகமாகவே நின்றுவிடும்.

டெய்லரின் மேல்முறையீடு முடிந்த 2013-இல் இன்னொரு சிக்கல். முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு, யூகோஸ்லாவிய ராணுவத் தளபதி பெரிசிச் வழக்கில், உதவி அந்தக் குற்றத்தை நோக்கியே செலுத்தப்பட்டதா என்று கேட்டு ஜெனரலை விடுவித்தது. டெய்லர் மேல்முறையீட்டில் அப்படி ஒரு தேவையே இல்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பாயமே 2014-இல் வேறொரு வழக்கில் பெரிசிச் வழியைக் கைவிட்டது. ஆயுதம் அனுப்பும் எல்லா நாடுகளின் சட்ட ஆலோசகர்களும் கூர்ந்து படித்த மூன்று தீர்ப்புகள் இவை.

9 ஆகஸ்ட்

"புதின் மேல் குண்டுவீச்சுக்கு வாரண்ட் போடாமல் குழந்தைகள் விஷயத்துக்குப் போட்டது ஏன்? சின்னக் குற்றமாகத் தெரிகிறதே?"

இந்த இழையிலேயே நல்ல கேள்வி. வழக்குத்தொடுப்பவர் முதலில் தேடுவது பெரிய குற்றத்தை அல்ல, கையெழுத்து உள்ள குற்றத்தை.

குண்டுவீச்சு வழக்கில் ஒவ்வொரு குண்டுக்கும், அந்த நேரத்தில் தாக்கியவர் கையில் என்ன தகவல் இருந்தது, இலக்கு எது, எதிர்பார்த்த ராணுவப் பலன் என்ன, பொதுமக்கள் இழப்பு அதற்கு மிஞ்சியதா என்று காட்ட வேண்டும். இலக்குப் பட்டியல் எதிரியின் பெட்டகத்தில் இருக்கும். அதே யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் நடந்த குரோஷிய ஜெனரல் கோட்டோவினா வழக்கில், சட்டபூர்வ இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டெல்லாம் குறியில்லாத தாக்குதலுக்குச் சான்று என்று விசாரணை அமர்வு ஒரு அளவுகோல் வைத்து 2011-இல் 24 வருடம் கொடுத்தது. அந்த 200 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று மேல்முறையீட்டில் கேட்டார்கள், பதிலில்லை. 2012 நவம்பரில் மூன்றுக்கு இரண்டில் விடுதலை.

குழந்தைகளை ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து கொண்டுபோனதில் அந்தத் தலைவலி இல்லை. உக்ரைனிய ஆதரவற்ற குழந்தைகளுக்கு ரஷ்யக் குடியுரிமையை எளிதாக்கும் 2022 மே 30 ஆணை, அதிபர் கையெழுத்தோடு வெளியானது. 2023 மார்ச் 17 வாரண்டில் அவரோடு குழந்தைகள் உரிமை ஆணையரின் பெயரும் இருப்பது இதனால்தான்: சங்கிலி இரண்டே கண்ணி. 2024 நவம்பர் 21-இல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, அவருடைய முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட் மேல் வந்த வாரண்டிலும் பட்டினியைப் போர்முறையாக்கியது முன்னால் நிற்கிறது. உணவும் எரிபொருளும் காசாவுக்குள் போகலாமா என்பது மேல்மட்டத்தில், வெளிப்படையாக எடுக்கப்படும் முடிவு.

10 ஆகஸ்ட்

வாரண்டையே தீர்ப்பு மாதிரி பேசுபவர்களுக்கு. வாரண்டுக்கு "நம்ப நியாயமான காரணம்" போதும். குற்றச்சாட்டை உறுதி செய்ய "நம்பக் கணிசமான காரணம்". தண்டனைக்கு சந்தேகத்துக்கு இடமின்றி. முதல் படிக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் கென்யாட்டா வழக்கு விழுந்தது. அவர் அப்போது கென்ய அதிபர். சான்று தரவேண்டியது கென்ய அரசு! கேட்ட தொலைபேசி, வங்கிப் பதிவுகள் முழுதாக வரவில்லை, சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள், 2014 டிசம்பரில் வழக்கு வாபஸ்.

10 ஆகஸ்ட், திருத்தம்

கென்யாட்டா வழக்கு போர்க்குற்றம் அல்ல, மானுடத்துக்கு எதிரான குற்றம், தேர்தல் வன்முறை. போர்க்குற்றத்துக்கு ஆயுத மோதல் ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும், செயல் அதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டூடெர்டே வழக்கை இங்கே இருவர் போர்க்குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் மானுடத்துக்கு எதிரான குற்றம்தான். "போதைப்பொருள் மேல் போர்" என்று பேர் வைத்தால் போராகிவிடாது.

ஆனால் டூடெர்டே இங்கே வேறு காரணத்துக்காக முக்கியம். பிலிப்பைன்ஸ் 2019 மார்ச்சில் ரோம் சாசனத்திலிருந்து விலகிவிட்டது. உறுப்பினராக இருந்த காலத்துச் செயல்களுக்கு அதிகாரம் தொடர்கிறது. 2025 மார்ச் 11 காலை ஹாங்காங்கிலிருந்து மணிலாவில் இறங்கினார், விமான நிலையத்திலேயே கைது, இரவே தனி விமானம், மறுநாள் நெதர்லாந்து. சாசனமா பிடித்தது? முந்தைய கூட்டாளிக் குடும்பத்தோடு உறவு முறிந்ததும் கதவு திறந்தது. யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சும் அப்படித்தான்: 1999 மேயில் பதவியில் இருக்கும்போது குற்றப்பத்திரிகை, 2000 அக்டோபரில் நாற்காலி போனது, 2001 ஜூன் 28-இல் அவருடைய நாட்டு அரசே அனுப்பி வைத்தது. வாரண்ட் என்பது ஆள் விழும் நாளுக்காக வாசலில் காத்திருக்கும் காகிதம். இந்தக் குற்றங்களுக்குக் காலாவதி இல்லை, ரோம் சாசனத்தின் 29-ஆம் பிரிவு.

13 ஆகஸ்ட்

"அப்படியானால் விழாமல் இருக்கத்தானே பார்ப்பார்? சமாதானம் கெடும் என்ற என் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை."

வரவில்லைதான், தள்ளிப்போட்டேன். இதில் என் கருத்து அவ்வளவு உறுதியானது அல்ல. 2009 மார்ச் 4-இல் அல்-பஷீர் மேல் வாரண்ட் வந்ததும் 13 வெளிநாட்டு நிவாரண அமைப்புகளை சூடான் வெளியேற்றியது. விலை கொடுத்தவர்கள் டார்ஃபூர் முகாம்களில் இருந்தவர்கள். அவர் இன்னும் பத்து வருடம் பதவியில் இருந்தார். இதை மறைத்துவிட்டு "நீதியில்லாமல் சமாதானமில்லை" என்று கோஷம் போடுவது நேர்மையில்லை.

மறுபக்கம் டெய்லர். 2003 ஜூன் 4, கானாவில் சமாதானப் பேச்சு தொடங்கும் நாளில் குற்றப்பத்திரிகை வெளியானது. பேச்சு பாழாகிவிட்டது என்றார்கள், கானா அவரை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. ஆனால் ஆகஸ்டில் பதவி விலகினார், பேச்சில் உடன்பாடும் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரை இனி யாரும் வருங்கால அதிபராகக் கணக்கில் வைக்கவில்லை.

மன்னிப்புக் கொடுத்துச் சமாதானம் வாங்குவதையும் சியரா லியோனில் பார்த்தாயிற்று. 1999 ஜூலை லோமே ஒப்பந்தம் கிளர்ச்சிப்படைக்கு முழு மன்னிப்புத் தந்தது. ஐ.நா. பிரதிநிதி கையெழுத்துப் போடும்போது, போர்க்குற்றம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது என்று கையாலேயே எழுதிச் சேர்த்தார். அடுத்த வருடமே சண்டை திரும்ப வந்தது. பிறகு வந்த சிறப்பு நீதிமன்றம் அந்த மன்னிப்பு தன்னைக் கட்டாது என்றது.

14 ஆகஸ்ட்

ஹேக் வழக்கெல்லாம் ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும்தானா என்ற பழைய புகார் மறுபடி. பாதி உண்மை. ஒரு நாடு உறுப்பினர் இல்லையென்றால், அதுவே சம்மதித்தால் ஒழிய, அதன் மண்ணில் நடந்ததைப் பெரும்பாலும் ஐ.நா. பாதுகாப்புச் சபைதான் ஹேக்குக்கு அனுப்பி வைக்க வேண்டும். டார்ஃபூரை 2005-இல் அனுப்பினார்கள், லிபியாவை 2011-இல். சிரியாவை அனுப்பும் தீர்மானத்துக்கு 2014 மே 22-இல் 13 வாக்கு. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ. அமெரிக்கா 2002-லேயே தன் ஆட்களை மீட்க "தேவையான எல்லா வழிகளையும்" அனுமதிக்கும் சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில் ஹேக்கின் வழக்குத்தொடுப்பவர் மேலேயே பொருளாதாரத் தடை. ஈராக்கில் பிரிட்டிஷ் படை செய்ததைப் பற்றிய முதற்கட்ட ஆய்வு 2020 டிசம்பரில் மூடப்பட்டது: குற்றங்கள் நடந்ததாக நம்பக் காரணம் உண்டு, ஆனால் சொந்த நாடு விசாரிக்க முற்றிலும் மறுத்தது என்று சொல்ல முடியாது. பலமான நீதித்துறை உள்ள நாட்டுக்குப் பின்வாசல் அந்த 17-ஆம் பிரிவு.

புகார் நியாயம். அதற்கு மருந்து, பிடிபட்டவனையும் விட்டுவிடுவதல்ல.

16 ஆகஸ்ட்

இலங்கை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இலங்கை ரோம் சாசனத்தில் இல்லை. 2009-இல் நடந்ததற்கு ஹேக் போக, இலங்கையே சம்மதிக்காதவரை, பாதுகாப்புச் சபை வழிதான், அது நடக்கவில்லை. மிச்சமிருப்பது மற்ற நாடுகளின் உலகளாவிய நியாயாதிக்கம், அதாவது எங்கே நடந்த குற்றமானாலும் தன் நீதிமன்றத்தில் விசாரிக்கும் அதிகாரம். போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச பிறகு அதிபராகி, 2022 ஜூலையில் பதவி இழந்து சிங்கப்பூரில் தங்கியிருந்தார். நாற்காலிக் கவசம் போன அந்தச் சில வாரங்களில் ஒரு மனித உரிமை அமைப்பு அங்குள்ள தலைமை வழக்கறிஞரிடம் கைது கோரி மனு கொடுத்தது. கைது இல்லை, செப்டம்பரில் ஊர் திரும்பிவிட்டார். ஜன்னல் எவ்வளவு சின்னது என்று இதில் பாருங்கள். கோப்பு தயாராக இல்லாவிட்டால், ஆள் தரையிறங்கிய பிறகு தொடங்கினால் நேரம் போதாது. மனித உரிமைப் பேரவையின் 2021 மார்ச் தீர்மானம் 46/1 மூலம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலை ஜெனீவாவில் நடப்பது அந்தக் கோப்புக்காகத்தான்.

17 ஆகஸ்ட்

"எங்களிடம் வீடியோ இருக்கிறது, பயன்படுமா?"

பழைய போனில் எடுத்த மூலக் கோப்பு இருந்தால் அதைத் தொடாமல் வையுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி, இடம் போன்ற உள்தகவல் உதிர்ந்துவிடும். நீதிமன்றத்தில் அது "யாரோ எங்கோ எடுத்தது". தலைப்பு ஒட்டாதீர்கள், வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள். கோப்புக்கு ஹேஷ் எண் எடுத்துத் தனியே குறித்து வையுங்கள். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறும், மாறவில்லை என்று பின்னால் காட்டலாம். எடுத்தவர் யார், எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்று ஒரு தாள். போனையே தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் எடுத்தவரைத் தொடர்பில் வையுங்கள், வீடியோவைவிட அவர் முக்கியம். சாட்சியின் பெயரை இந்த மாதிரி இழையில் எழுதவே கூடாது. மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், தயவுசெய்து நீக்குங்கள்.

இன்னொன்று. தாக்குதலின் கோரம் மட்டும் தெரியும் காட்சியைவிட, சீருடைச் சின்னம், வாகன எண், பின்னணியில் ரேடியோவில் பேசும் குரல் உள்ள மங்கலான காட்சி மேலடுக்குக்கு அதிகம் உதவும்.

17 ஆகஸ்ட், இரவு

நீக்கியதற்கு நன்றி.

20 ஆகஸ்ட்

இழை ஆறும் முன் ஒன்று. தண்டனை பெற்ற அதிபரை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. டெய்லரை மேற்கு ஆப்பிரிக்காவில் விசாரித்தால் கலவரம் வரும் என்று பயந்து ஹேக்குக்கு மாற்றக் கேட்டார்கள். தண்டனை கிடைத்தால் வேறொரு நாடு சிறையில் வைத்துக்கொள்ளும் என்று உறுதி தந்தால்தான் இடம் என்றது நெதர்லாந்து. பிரிட்டன் ஒப்புக்கொண்டு, அதற்கென்று 2007-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆள் இப்போது பிரிட்டிஷ் சிறையில். குடும்பம் பார்க்க வர முடியவில்லை, ருவாண்டா சிறைக்கு மாற்றுங்கள் என்று மனு போட்டார். 2015-இல் தள்ளுபடி.